ஆயிஸ் முதலில், கோப்பி கடைசியில்

ஜார்ஜ் டவுன்,
4 ஜூலை 2025

சல்மா,

நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிப்பதற்காக அல்ல, ஒரு கையெழுத்துக்காக. உன் முகவரியைத் தந்தவள் நம்மோடு பள்ளியில் படித்த சுஹானா. நீ உயிரோடும் பிடிவாதத்தோடும் இருப்பதாகச் சொன்னாள். உன் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

பினாங்குக் கோப்பிக் கடைகளில் புழங்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பது பற்றி நான் எழுதிய நூல் ஆகஸ்ட் எட்டாம் தேதி அச்சுக்குப் போகிறது. 'ஓ' என்றால் பால் இல்லை என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். சீனர்களின் ஹொக்கியன் மொழியில் அது கறுப்பைக் குறிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. மலாயில் 'காலி' என்று பொருள்படும் 'கோசோங்' கோப்பைக்குள் நுழைந்து சர்க்கரையை மட்டும் விரட்டியது எப்படி, கெட்டியைக் குறிக்கும் 'காவ்' தமிழ் நாக்கில் ஏறியது எப்படி என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால் நூலின் முதல் அத்தியாயம், நூலின் முதுகெலும்பு, உன் தந்தையின் கடையைப் பற்றியது.

ஊரெல்லாம் 'கோப்பி ஓ கோசோங்' என்று பானத்தை முதலில் சொல்லும். சீனி முகம்மதுவின் கடையில் மட்டும் கூவல் தலைகீழாகப் போகும்: 'கோசோங், ஓ, காவ், கோப்பி!' அவர் கடை திறப்பதற்கு முன் துறைமுகக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அங்கே மூட்டை இறக்கும்போது முதலில் குறி, அடுத்து எண்ணிக்கை, கடைசியில் சரக்கின் பெயர் என்று கூவுவார்கள். அந்தக் கூவலே கடைக்குள் வந்தது என்பது என் முடிவு. 1976இல் எனக்கு முதுகலைப் பட்டம் கிடைத்ததே அதற்காகத்தான்.

அத்தியாயத்தின் முகப்பில் அவர் படம் வர வேண்டும். உன்னிடம் இருப்பதாக உன் தம்பி அப்துல் அஜீஸ் சொன்னான். இணைத்துள்ள அனுமதித் தாளில் கையெழுத்திட்டுப் படத்தோடு அனுப்பு.

கோபம் மீதியிருந்தால் அதைத் தனித்தாளில் எழுதலாம். உன் கல்யாணத்துக்கு நான் வராததற்கு இத்தனை ஆண்டு மௌனம் போதுமான தண்டனை என்றே நினைக்கிறேன்.

ஜெயலெட்சுமி


நிபோங் திபால்,
10 ஜூலை 2025

ஜெயா,

கையெழுத்துப் போட மாட்டேன். படமும் கிடையாது.

கல்யாணமா? நீ வராததை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை. பிரியாணி பற்றவில்லை என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நீ வந்திருந்தால் இன்னும் ஒரு தட்டு குறைந்திருக்கும்.

கோபம் வேறு. முப்பத்தைந்து வருஷம் பிரசவ வார்டில் தாதியாக இருந்தவள் நான். வலி எங்கே என்று சுற்றி வளைக்காமல் சொல்லிப் பழக்கம். கேள்.

1975இல் மூன்று மாதம் எங்கள் கடையில் உட்கார்ந்தாய். கல்லாவுக்குப் பக்கத்து மேசை. உன் முதுகுக்குப் பின்னால் பலகைத் தடுப்பு. அதில் ஒரு முழ அகலத்துக்குத் திறப்பு. அத்தா கூவுவார், திறப்பில் கோப்பி வரும். எத்தனை கூவல் எழுதினாய்? இருநூறா? அந்தத் திறப்புக்கு உள்ளே யார் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

என் அம்மா. காமாரியா. தாசேக் கெலுகோர்க்காரி.

கடையில் பெண் நிற்பது தெரிந்தால் மரியாதை போய்விடும் என்று அத்தாவுக்கு நினைப்பு. "உள்ள யாரு பாய் மாஸ்டரு?" என்று யாராவது கேட்டால், "ஊர்க்காரர்தான், ரொம்பக் கூச்சப்படுவாரு" என்பார். ருசியில் மயங்கிய கப்பல்காரர்கள் மாஸ்டருக்கென்று சிகரெட் கொடுத்துவிட்டுப் போவார்கள். அத்தா ஊதித் தள்ளுவார்.

அந்த வரிசையை வைத்தது அம்மா. கடை திறந்த முதல் மாதம் அத்தாவும் ஊர் கூவுகிற மாதிரிதான் கூவினார். எனக்கு ஏழு வயது, பக்கத்தில் நிற்கிறேன். அம்மா திறப்பு வழியாகத் தலையை நீட்டி, "இப்படிக் கூவினா என் கை முன்னயும் பின்னயும் ஓடுது லா! என் கை போற வழியில கூவுங்க. இல்லாட்டி நீங்களே உள்ள வந்து கலக்குங்க" என்றார். மறுநாளே கூவல் மாறிவிட்டது. துறைமுகமும் இல்லை, மூட்டையும் இல்லை.

நீ வந்த மூன்று மாதமும் அம்மா நல்ல பாஜு உடுத்திக்கொண்டு அடுப்படியில் நின்றார். "படிச்ச பொண்ணு, இன்னைக்குக் கேப்பா" என்பார். உன் ஆய்வேட்டில் அத்தா பெயர் நாற்பத்தொரு இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். அம்மா பெயர் ஓர் இடத்திலும் இல்லை. அவர் போய் இருபது வருஷம் ஆகிறது.

அம்மா பெயரை அந்த அத்தியாயத்தில் போடு. அப்புறம் படம் கேள்.

சல்மா


ஜார்ஜ் டவுன்,
14 ஜூலை 2025

சல்மா,

உன் தாயார் அந்தத் தடுப்புக்குப் பின்னால் நின்றார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதும் உண்மை. இருபத்துமூன்று வயதில் நான் கவனித்தது வாய்களை மட்டுமே. இது மன்னிப்புக் கடிதம் அல்ல, தகவல்.

ஆனால் பாசம் சான்றாகாது. தாயின் பெயர் அச்சில் வரவேண்டும் என்று ஒரு மகள் விரும்புவதாலேயே ஒரு சொல்லின் வரலாறு மாறிவிடாது. உன் தந்தை என் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "தொறமொகத்திலேர்ந்து நாந்தாம்மா கொண்டாந்தேன், எழுதிக்க." எழுதிக்கொண்டேன்.

உன் கூற்றில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. கை போகும் வழியே சொல்லும் போயிற்று என்கிறாய். அப்படியானால் பனிக்கட்டி கடைசியில் வந்திருக்க வேண்டும். கோப்பி கலந்த பிறகுதான் அது குவளைக்குள் விழும். என் குறிப்பேட்டில் இருநூற்றுப் பதினான்கு கூவல்கள் இருக்கின்றன. பனிக்கட்டி கேட்ட ஒவ்வொன்றிலும் 'ஆயிஸ்' என்பதே முதல் சொல். 'ஆயிஸ், ஓ, கோப்பி!' வாங்கிக்கொண்டு போகிறவர் கேட்டால் 'புங்குஸ்' முதல் சொல். உன் தாயாரின் கை பனிக்கட்டியைப் போட்டுவிட்டா சர்க்கரை தேடியது?

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு சொற்களும் என் துறைமுக முடிவுக்கும் பொருந்தவில்லை. 1976இல் அவற்றை விதிவிலக்குகள் என்று அடிக்குறிப்பில் தள்ளினேன். தேர்வாளர்கள் அடிக்குறிப்புகளைப் படிப்பதில்லை. அந்த அடிக்குறிப்பு எனக்கு மட்டும் தெரிந்த முள்ளாக இத்தனை காலம் இருந்தது.

அவற்றுக்கு உன்னிடம் விடை இருந்தால் எழுது. அச்சுக்கு இருபத்தைந்து நாள் இருக்கிறது. தொலைபேசி எண்ணைத் தந்தால் பத்து நிமிடத்தில் பேசி முடிக்கலாம்.

ஜெயலெட்சுமி


நிபோங் திபால்,
19 ஜூலை 2025

ஜெயா,

எண் தர மாட்டேன். நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில்தான் நான் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பாய்.

பட்டம் வாங்கியவளே, என்றைக்காவது ஆயிஸ் கோப்பி கலக்கியிருக்கிறாயா? முதலில் எதை எடுப்பாய், பனிக்கட்டியையா?

கிளாஸை!

சூடான கோப்பி என்றால் பீங்கான் கோப்பை. அது அம்மாவுக்கு நேர் எதிரே வெந்நீர்ச் சட்டியில் கிடக்கும். கூவல் வருவதற்கு முன்னமே ஒன்று கையில் இருக்கும். அதனால்தான் எங்கள் கடையில் சூடு என்பதற்குச் சொல்லே கிடையாது. நீ எழுதிய நோட்டில் தேடிப் பார். ஆயிஸ் என்றால் உயரமான கிளாஸ். புங்குஸ் என்றால் சணல் கட்டிய காலிப் பால் டின். கோப்பையில் சர்க்கரை விழுந்த பிறகு 'ஆயிஸ்' என்று கூவினால் என்ன ஆகும்? எல்லாவற்றையும் கிளாஸுக்கு மாற்ற வேண்டும். அம்மா அகப்பையைத் திறப்பு வழியாக வீசியிருப்பார்.

பலகை இப்படி இருந்தது, இடமிருந்து வலமாக: கிளாஸ் பெட்டி, காலி டின்கள், சர்க்கரை ஜாடி, பால் டின், கொக்கியில் இரண்டு அகப்பை. பெரிய அகப்பைதான் காவ். அதற்கப்புறம் அடுப்பு. அடுப்பில் ஒரு பக்கம் கோப்பி, ஒரு பக்கம் தேத்தண்ணி. எதிலிருந்து மொள்ள வேண்டும் என்பது கடைசியில்தானே தெரிய வேண்டும்? இதை வைத்துக்கொண்டு உன் இருநூற்றுப் பதினாலையும் சரி பார்.

பலகையும் இருக்கிறது. தம்பி அந்தக் கடையைத்தான் சுற்றுலாக்காரர்களுக்கான காஃபே ஆக்கியிருக்கிறான். உன் துறைமுகக் கதையைச் சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கிறான். எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தடுப்பை மட்டும் பழமை என்று இடிக்காமல் விட்டான். அம்மா நின்ற பக்கம் இப்போது பிளாஸ்டிக் செடி. போய் அதைத் தூக்கிப் பார்.

சல்மா


ஜார்ஜ் டவுன்,
24 ஜூலை 2025

சல்மா!

ஆச்சரியக்குறி போடும் வழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். இன்று போட்டிருக்கிறேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஒரு நீளத் தாளில் பலகையை வரைந்து, பழைய குறிப்பேட்டை விரித்து, ஒவ்வொரு கூவலுக்கும் விரலை இடமிருந்து வலமாக நகர்த்திப் பார்த்தேன். ஐம்பதாவது கூவலில் எழுந்து நின்றுவிட்டேன். நூறாவதில் மதிய உணவு மறந்துபோயிற்று. அந்த நூறிலும் விரல் ஒருமுறைகூடப் பின்னால் திரும்பவில்லை. சூடு என்ற சொல் எங்கேயும் இல்லை. நானே எழுதிய குறிப்பேட்டில் அது இல்லாததை அரை நூற்றாண்டாக நான் பார்க்கவில்லை!

நேற்று காஃபேக்குப் போனேன். அஜீஸுக்கு அறுபத்தெட்டு வயதாம். நாற்பது வயதுக்காரன் போல் சட்டை போட்டிருக்கிறான். செடியைத் தூக்கு என்றேன்.

"அக்கா, என்னக்கா இது? உள்ள ஆளுங்க சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க."

"அவர்கள் சாப்பிடட்டும். நீ தூக்கு."

தூக்கினான். பலகையின் இடது கோடியில் பெட்டி அழுத்திய சதுரத் தடம். அதையடுத்து நெருக்கமாகச் சிறு துரு வளையங்கள், காலி டின்கள். பிறகு கறுத்துப் போன பெரிய வட்டம், சர்க்கரை ஜாடி. பிறகு ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து மரத்தையே அரித்துவிட்ட ஒற்றைத் துரு வளையம், பால் டின். மேலே இரண்டு கொக்கிகள். நீ எழுதிய வரிசை, சல்மா, அப்படியே.

அஜீஸை உள்ளே நிற்க வைத்தேன். அவன் இளமை முழுவதும் முன்பக்கம் நின்று கூவியவன். அந்தப் பக்கம் நின்று ஒரு கோப்பி கலந்ததில்லையாம். காஃபேயின் ஜாடிகளையும் டின்களையும் அந்தத் தடங்களின் மேல் வைத்தோம். நான் திறப்புக்கு வெளியே நின்று ஊர் வழக்கப்படி கூவினேன்: "கோப்பி, ஓ, காவ், ஆயிஸ்!" அடுப்புக்குப் போனான், அகப்பைக்குத் திரும்பினான், கோப்பையில் ஊற்றினான், 'ஆயிஸ்' என்றதும் இடது கோடிக்குப் பாய்ந்தான். முழங்கை பட்டுச் சர்க்கரை ஜாடி கவிழ்ந்தது.

"ஒரு ஆளு நிக்கற எடம்கூட இல்லையேக்கா!"

இப்போது உங்கள் கடையின் கூவல்: "ஆயிஸ், ஓ, காவ், கோப்பி!"

கிளாஸ், சர்க்கரை, பாலைத் தாண்டிப் பெரிய அகப்பை, கோப்பி. ஒரே வீச்சு. நான் மறுபடி கூவினேன். மறுபடி ஒரே வீச்சு. "இன்னொண்ணு கூவுங்க, இன்னொண்ணு!" என்று அவனே கத்தத் தொடங்கிவிட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தார்கள். எழுபத்துமூன்று வயதில் நான் ஒரு பொது இடத்தில் பதினாறு கோப்பி கூவினேன்.

பிறகு அவன் கையை ஊன்றிக்கொண்டு அந்த வளையத்தையே பார்த்தான். "அம்மா இங்கயா நின்னாங்க? இவ்வளவு குறுகலா? நான் இந்தப் பக்கமே வந்ததில்லக்கா." சுவரில் எழுதியிருப்பதை என்ன செய்வது என்று கேட்டேன். "அத்தா சொன்னதுன்னுதானே எழுதினேன்?" என்றான். அதை முதலில் எழுதியவள் நான்.

ஆனால் முடிவு கட்ட இன்னும் ஒன்று தடுக்கிறது. இருநூற்றுப் பதினான்கில் இருநூற்று மூன்று பொருந்தின. மீதிப் பதினொன்றும் ஒரே நாளில் எழுதியவை: 1975 நவம்பர் 16, ஞாயிறு. மழை நாள், பனிக்கட்டி கேட்டவர் இல்லை. கூவியவர் உன் தந்தையேதான். ஆனால் அன்று மட்டும் ஊர் வழக்கப்படி 'கோப்பி ஓ', 'கோப்பி ஓ கோசோங்' என்று கூவியிருக்கிறார். சளியில் தடுமாறினார் என்று அன்று ஒதுக்கிவிட்டேன். இனி எதையும் ஒதுக்குவதாக இல்லை. அன்று கடையில் என்ன நடந்தது? யோசித்து எழுது. பதினைந்து நாள் இருக்கிறது.

ஜெயலெட்சுமி


நிபோங் திபால்,
30 ஜூலை 2025

ஜெயா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலமாரியையே கவிழ்த்துவிட்டேன். மருமகள் காமினி வந்து, "மாமிக்கு என்ன ஆச்சு?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. கையில் படம் இருந்தது.

அன்றைக்கு அம்மா கடையில் இல்லை!

தாசேக் கெலுகோரில் என் சின்னம்மா மகள் சலேஹாவின் கல்யாணம். அம்மாவும் நானும் விடியற்காலையிலேயே ஃபெர்ரி ஏறிவிட்டோம். கடையை மூட அத்தாவுக்கு மனசு வரவில்லை. பக்கத்துத் தெருக் கடையிலிருந்து கோப்பி கலக்க ஒருவரை அன்று மட்டும் கேட்டு வாங்கி உள்ளே நிறுத்தினார். அவருக்கு ஊர் வழக்கம்தானே தெரியும்? அதனால் அத்தாவும் அப்படியே கூவியிருக்கிறார். சாயங்காலம் நாங்கள் திரும்பியதும் அத்தா சொன்னது நினைவிருக்கிறது: "நாள் பூரா நாக்கு பெரளல. இனி கல்யாணம் கில்யாணம்னு கெளம்பாத."

புரிகிறதா? துறைமுகத்திலிருந்து கொண்டுவந்ததாக இருந்தால், உள்ளே யார் நின்றாலும் அத்தா அப்படித்தானே கூவியிருப்பார்?

படத்தின் பின்னால் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறது. 16.11.1975. நடுவில் நின்று வாயைத் திறந்து சிரிப்பது அம்மா. பக்கத்தில் ஒல்லியாக நிற்பது நான், சிரிக்காதே. கல்யாண வீட்டில் அம்மா ஒரு வாய் கோப்பிகூடக் குடிக்கவில்லை. "யாரு கலக்கினதோ" என்று தள்ளி வைத்துவிட்டார்.

இதை உடனே தபாலில் போட்டிருக்கலாம். இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. காரணம் அத்தா. அவர் உன்னிடம் சொன்னது பொய். ஆனால் அவர் பொய்யர் இல்லை, ஜெயா. படித்த பெண் ஒருத்தி நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்து, 'இதை யார் கண்டுபிடித்தது' என்று கேட்டால், யாருக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அம்மாவை உயர்த்துவதற்காக அவரைக் குப்புறத் தள்ளிவிடாதே. நான் இரண்டு பேருக்கும் மகள்.

அஜீஸ் நேற்று போன் பண்ணினான். இந்தக் கதை உடைந்தால் சுவரை என்ன செய்வது என்று புலம்புவான் என நினைத்தேன். பால் டின்னை எந்தக் கையால் சாய்ப்பார் அம்மா என்று கேட்டான். இடது கை என்றேன்.

நீ கேட்ட படம் இது இல்லை. ஆனாலும் அனுப்புகிறேன், கையெழுத்தோடு. 'சீனி முகம்மதுவின் மனைவி' என்று மட்டும் எழுதினாயானால் படத்தைத் திருப்பி அனுப்பிவிடு. அவருக்குப் பெயர் இருக்கிறது.

சல்மா


ஜார்ஜ் டவுன்,
6 ஆகஸ்ட் 2025

சல்மா,

படம் வந்தது. உன்னைப் பார்த்துச் சிரித்தேன். நீ தடுத்திருக்கக் கூடாது.

முதல் அத்தியாயத்தைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதிதாக எழுதினேன். பதிப்பாளர் தொலைபேசியில் அலறினார்: "டீச்சர், அச்சுக்கு ரெண்டு நாள்தான் இருக்கு! சின்னத் திருத்தம்னா அடிக்குறிப்பா போட்டுக்கலாமே?" அடிக்குறிப்பு என்ற சொல்லை இனி என்னிடம் சொல்ல வேண்டாம் என்றேன். இந்த அத்தியாயத்தில் அடிக்குறிப்பே கிடையாது. தொடக்கத்தை இங்கே படியெடுத்துத் தருகிறேன். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், பிழை இருந்தால் நாளைக்குள் சொல். இப்போதாவது உன் எண்ணிலிருந்து என்னை அழைக்கலாம், என் எண்ணை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன்.

"இக்கடையின் கூவல் வரிசையை அமைத்தவர் தாசேக் கெலுகோரில் பிறந்த காமாரியா. தடுப்புக்குப் பின்னால் நின்று கோப்பி கலந்தவர் அவரே. அவர் கை போன வழியில் சொற்கள் அடுக்கப்பட்டன. அதனால் பாத்திரம் முதலிலும் பானம் கடைசியிலும் வந்தன. அவ்வரிசையை ஏற்றுக் கூவியவர் அவர் கணவர் சீனி முகம்மது. ஊரே வேறு விதமாகக் கூவியபோதும், காமாரியா உள்ளே நின்ற நாளெல்லாம் அவர் வரிசை தவறியதில்லை. காமாரியா இல்லாத ஒரே நாளில் அவ்வரிசையும் இல்லை. இது துறைமுகத்திலிருந்து வந்தது என்று 1976இல் இந்நூலாசிரியர் எழுதியது தவறு. மூன்று மாதம் கடையில் அமர்ந்திருந்தும், கூவலை வாங்கிக்கொண்டவர் யார் என்று அவர் விசாரிக்கவில்லை."

உன் தந்தை குப்புற விழவில்லை என்று நினைக்கிறேன். விழ வேண்டியவள் விழுந்திருக்கிறாள். வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். முள் எடுத்தாற்போல் இருக்கிறது. எழுதி முடித்ததும் சமையலறைக்குப் போய் என் ஜாடிகளையெல்லாம் இடம் மாற்றி வைத்தேன். இத்தனை காலமும் தேயிலைக்கு ஒரு கோடியும் சர்க்கரைக்கு மறு கோடியுமாக அலைந்திருக்கிறேன்.

அஜீஸ் சுவரை வெள்ளையடித்துவிட்டான். பிளாஸ்டிக் செடி குப்பைக்குப் போயிற்று. தடுப்பின் அந்தப் பக்கம் நின்று அவனே கோப்பி கலக்குகிறான், இடது கையால் பால் சாய்த்து, மேசையெல்லாம் சிந்தி. பார்க்க வந்தவர்கள் இப்போது திறப்புக்குள் எட்டிப் பார்க்கிறார்கள்.

சனிக்கிழமை, ஒன்பதாம் தேதி, அச்சுத் தாளோடு நிபோங் திபாலுக்கு வருகிறேன். முன்வாசலைத் திறந்து வைக்காதே. நேராகச் சமையற்கட்டுக் கதவுக்கு வருவேன். அங்கே நின்றுகொண்டு கூவுவேன்: கோசோங், ஓ, காவ், கோப்பி.

உன் வீட்டுப் பலகை வேறு வரிசையில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு. அதற்கேற்ப மாற்றிக் கூவுகிறேன்.

ஜெயா